வலைக்குப் பின்னால் ஒரு பருவம்

1

கடந்த சனிக்கிழமை காலை எனக்குப் போவதற்கு ஓர் இடமும் இருக்கவில்லை. சப்பாத்தை மாட்டிக்கொண்டு கார்த் திறப்பையும் கையில் எடுத்த பிறகுதான் அது நினைவுக்கு வந்தது. ஆட்டப் பருவம் முடிந்துவிட்டது. மைதானத்தில் பதித்திருந்த தளங்களைக் கழற்றிக் கொட்டிலுக்குள் வைத்துப் பூட்டிவிட்டார்கள். இனிச் சித்திரையில்தான் திறப்பார்கள்.

சப்பாத்தைக் கழற்றி அதன் இடத்தில் வைத்துவிட்டு மேசையடியில் போய் இருந்தேன். ஊரிலுள்ள உங்களுக்கு இந்தக் கோடையைப் பற்றி எழுத வேண்டுமென்று அப்போது தோன்றியது. வெளிநாட்டுக் கடிதம் என்றால் பனியும் குளிரும் வரும் என்று எதிர்பார்ப்பீர்கள். இதில் வருவது பேஸ்போல்.

நான் வசிப்பது இக்காஸ்டில். யூலாந்தின் நடுப்பகுதியில், ஹேர்னிங்கிற்குப் பக்கத்தில் இருக்கும் சிறிய நகரம். ஒரு காலத்தில் முழுக்கத் துணி ஆலைகள். எங்கள் ஆட்களில் பாதிப் பேர் அந்த ஆலைகளை நம்பித்தான் இங்கே குடியேறினார்கள். நான் இப்போது யன்னல் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் தரம் பார்ப்பவன். சட்டமும் கண்ணாடியும் சரியாகப் பொருந்துகின்றனவா என்று அளந்து பார்ப்பது என் வேலை. அளவு பிசகினால் திருப்பி அனுப்புவேன். வீட்டிலும் அப்படித்தான் என்று என் மனைவி ராஜி சொல்வாள்.

டென்மார்க் உதைபந்தாட்டத்துக்கும் கைப்பந்தாட்டத்துக்கும் உரிய நாடு. பேஸ்போல் என்றால் அமெரிக்கப் படத்தில் வருவதுதானே என்பார்கள். ஆனாலும் அதைப் பிடிவாதமாக விளையாடுகிற சிறு கூட்டங்கள் அங்கங்கே இருக்கின்றன. எங்களுக்கும் ஹேர்னிங்கிற்கும் இடையில் ஒரு சிறிய ஊரில் அப்படி ஒரு கழகம் உண்டு. உதைபந்தாட்ட மைதானத்தின் ஒரு மூலையில், சோளவயலை ஒட்டினாற்போல் அவர்களுடைய ஆடுகளம். இருப்பது கடைசிப் பிரிவில். அதற்குக் கீழே இறங்கப் பிரிவே கிடையாது என்பதால் தோல்வியைப் பற்றி அவர்கள் பெரிதாகக் கவலைப்படுவதில்லை. ஆணும் பெண்ணும் கலந்த அணி. சில சனிக்கிழமைகளில் பார்ப்பவர்களை விட விளையாடுபவர்கள் அதிகம்.

அந்த அணியில் பந்து பிடிப்பவள், கச்சர் என்பார்கள், என் மகள் அபிராமி. டெனிஷ்காரருக்கு அவள் அபி.

2

அபிராமி இங்கேதான் பிறந்தாள். ஹேர்னிங்கில் உடற்பயிற்சிச் சிகிச்சை அளிக்கும் ஒரு நிலையத்தில் வேலை. போன தை மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மதியச் சாப்பாட்டின்போது, தான் லாஸவுடன் ஒரு வீட்டில் இருக்கப் போவதாகச் சொன்னாள். லாஸ அவளுடைய அணியில் விளையாடும் டெனிஷ் பெடியன். கலியாணம் எப்போது என்று ராஜி கேட்டாள். அதைப் பற்றி யோசிக்கவில்லை என்று அபிராமி டெனிஷில் பதில் சொன்னாள். நாங்கள் தமிழில் கேட்பதும் அவள் டெனிஷில் சொல்வதும் எங்கள் வீட்டில் நெடுநாள் வழக்கம். அன்றைக்கு மட்டும் இரண்டும் ஒன்றையொன்று முட்டின.

அவள் போவதற்கு என்ன தேவைப்பட்டது தெரியுமா? கைத்தொலைபேசியில் கொம்மூனின், அதாவது நகரசபையின், பக்கத்தைத் திறந்து, பழைய முகவரி, புதிய முகவரி இரண்டையும் கொடுத்து ஒரு பொத்தானை அழுத்தினாள். அடுத்த வாரம் எங்களுடைய மின்னஞ்சல் பெட்டிக்கு அரசாங்கத்திடமிருந்து மரியாதையான ஒரு அறிவித்தல் வந்தது. இந்த முகவரியில் இனி இருவர். எங்களில் ஒரு பெண் வீட்டை விட்டுப் போவதென்றால் எத்தனை பேர் வந்து, எத்தனை நாள் பார்த்து, எத்தனை பேர் அழ வேண்டும். இங்கே ஒரு பொத்தான்.

அந்த அறிவித்தல் வந்த அன்று பின்னேரம் ராஜி குசினிக்குள் நின்றபடியே தீர்ப்பைச் சொன்னாள்.

“கலியாணம் கட்டாமல் ஒருத்தனோடை போய் இருக்கிறவளோடை இந்த வீட்டு ஆக்கள் ஒருத்தரும் கதைக்கக் கூடாது.”

வீட்டு ஆட்கள் என்று மிஞ்சியிருந்தது நான் ஒருவன்தான். அவள் திரும்பி என்னைப் பார்த்தாள்.

“நீங்களும்தான்.”

“ஓம்,” என்றேன்.

ஏன் சொன்னேன் என்று அதன் பிறகு எத்தனையோ முறை என்னைக் கேட்டிருக்கிறேன். அவள் அழுதுகொண்டிருந்தாள் என்பது ஒரு காரணம். ஒரு கிழமையில் அவளே விட்டுவிடுவாள் என்று நினைத்தது இன்னொன்று. அவள் விடவில்லை. மாசி போய்ப் பங்குனியும் போனது. அபிராமியின் அழைப்புகளை ராஜி எடுக்கவில்லை. செய்திகளைத் திறக்கவுமில்லை, அழிக்கவுமில்லை. நானும் சொன்ன சொல்லில் நின்றேன்.

ஆனால் கதைக்கக் கூடாது என்றுதான் சொன்னாளே தவிர, பார்க்கக் கூடாது என்று சொல்லவில்லை. யன்னல் அளக்கிறவனுக்கு இந்த இடைவெளி தெரியாமலா போகும்?

3

கழகத்தின் ஆட்ட அட்டவணை யாரும் பார்க்கக்கூடியபடி இணையத்தில் இருந்தது. சித்திரையின் கடைசிச் சனிக்கிழமை முதல் ஆட்டம்.

எனக்குச் சீனி வருத்தம், நீரிழிவு, இருக்கிறது. நடக்கச் சொல்லி வைத்தியர் இரண்டு வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார். “நடக்கப் போறன்,” என்று ராஜியிடம் சொல்லிவிட்டு வெளிக்கிட்டேன். அது பொய்யாகிவிடக் கூடாது என்பதற்காகக் காரை அந்த ஊரின் தேவாலயத்தடியில் நிறுத்திவிட்டு மைதானம் வரைக்கும் நடந்தேன். வயல்களுக்கு மாட்டுச்சாணி உரம் போடும் காலம். காற்று முழுக்க அந்த மணம். மூக்கைப் பொத்திக்கொண்டு, மனச்சாட்சியையும் ஒருவாறு பொத்திக்கொண்டு போய்ச் சேர்ந்தேன்.

ஆட்டம் எனக்கு அந்நியமாக இருக்கவில்லை. பாடசாலையில் நாங்கள் எல்லே விளையாடியவர்கள். மூங்கில் தடியால் பந்தை அடித்துவிட்டு வளையம் வளையமாகச் சுற்றி ஓடும் அதே வேலைதான். இங்கே மூன்று தளங்களைத் தொட்டுவிட்டுத் திரும்பவும் மட்டை பிடிக்கும் இடத்துக்கு வந்தால் ஒரு ஓட்டம்; தொப்பியும் கையுறையும் ஒழுங்கும் கூட. என் தங்கச்சி எங்கள் ஆட்டங்களைப் பாடசாலை மதிலுக்கு வெளியே நின்று எட்டிப் பார்ப்பாள். பெண்பிள்ளைகள் உள்ளே வந்து நின்று பார்த்தால் வீட்டில் பேச்சு விழும். அது அந்த நாளில் எனக்கு ஒரு விஷயமாகவே படவில்லை.

கச்சர் என்பவள் மட்டை பிடிப்பவனுக்குப் பின்னால் குந்தியிருந்து, எறிகிறவனுடைய பந்தைப் பிடிக்க வேண்டும். முகத்துக்கு இரும்புக் கூடு, நெஞ்சுக்கும் காலுக்கும் கவசம். அவளுக்குப் பின்னால், தவறிப்போகும் பந்தைத் தடுப்பதற்கு உயரமான கம்பி வலை ஒன்று இருக்கும். அந்த வலைக்குப் பின்னால் போய் நின்றால் கச்சரின் முதுகு தெரியும். கச்சருக்கு நம்மைத் தெரியாது. ஆடுகளத்தை ஒருமுறை சுற்றி நடந்து பார்த்துவிட்டு அந்த இடத்தைத் தெரிவுசெய்தேன்.

இப்படியாக நான் என் மகளின் முதுகைப் பார்த்துக்கொண்டு ஒரு பருவத்தைத் தொடங்கினேன். சட்டையில் அவளுடைய பெயருக்குப் பதிலாக என் பெயர் இருந்தது. இங்கே அதுதான் குடும்பப் பெயர்.

4

இந்த நாட்டில் எந்த மைதானத்திலும் ஒருவர் சும்மா நின்றுவிட்டுப் போக முடியாது. இரண்டாம் முறை கண்டால் கோப்பி தருவார்கள். மூன்றாம் முறை கண்டால் வேலை தருவார்கள்.

கோப்பி மேசையைப் பார்ப்பது போடில் என்ற ஓய்வுபெற்ற ஆசிரியை. மகன் ஒருகாலத்தில் இந்த அணியில் இருந்தானாம். அவன் கோப்பன்ஹேகனுக்குப் போய்ப் பல காலம். அவள் மட்டும் மிஞ்சிவிட்டாள். எனக்கு ஒரு கோப்பையை ஊற்றித் தந்துவிட்டு, டெனிஷ்காரர் மைதானத்தில் முதலில் கேட்கும் கேள்வியைக் கேட்டாள்.

“நீ யாருடைய ஆள்?”

அபிராமி அந்த நேரம் குந்தியிருந்து எழும்பி, கூட்டைத் தலைக்கு மேலே தள்ளிவிட்டு, எறிகிறவனுக்கு ஏதோ கைச்சாடை காட்டிக்கொண்டிருந்தாள். சட்டையில் என் பெயர் கொட்டை எழுத்தில் இருந்தது.

“ஒருவருடைய ஆளும் இல்லை,” என்றேன். “விளையாட்டு பிடிக்கும். அவ்வளவுதான்.”

“இதுவா?” போடில் எதிரணி தவறவிட்ட பந்து ஒன்று சோளவயலுக்குள் உருண்டு போவதைப் பார்த்தாள். “இதைச் சும்மா பார்க்க வருகிற முதல் மனிதன் நீதான்.”

சிரித்தேன். கோப்பியை முழுதாகக் குடிக்க முடியவில்லை. கதைக்காமல் இருப்பதற்குத்தான் ஓம் சொல்லியிருந்தேன். இல்லையென்று சொல்லும்படி ராஜி கூடக் கேட்கவில்லை. அதை நானாகச் சொன்னேன்.

5

வைகாசியில் ஓர் ஆட்டம். கடைசிச் சுற்று, இரு அணியும் சமம். எதிரணி ஆள் ஒருவன் மூன்றாம் தளத்தில் நின்றான். அவன் ஓடிவந்து சேர்ந்தால் அவர்கள் ஒரு ஓட்டத்தால் முந்திவிடுவார்கள்.

எறிந்த பந்து நிலத்தில் குத்தி அபிராமியின் கையுறையில் பட்டுத் தெறித்து, நேரே நான் நிற்கும் வலையடிக்கு உருண்டு வந்தது. அவள் கூட்டைப் பிடுங்கி எறிந்துவிட்டுப் பாய்ந்து வந்தாள். குனிந்து பந்தை எடுத்தாள். நிமிர்ந்தாள். எங்களுக்கு இடையில் வலை மட்டும்தான்.

விலகி நிற்க எனக்கு நேரம் இருக்கவில்லை. அவளும் அசையவில்லை. நெற்றியில் வேர்வை, வலது கன்னத்தில் மண். பின்னால் அவளுடைய ஆட்கள் எல்லோரும் “அபி! அபி!” என்று கத்துகிறார்கள். அவள் திரும்பி எறிவதற்குள் மூன்றாம் தளத்தில் நின்றவன் ஓடி வந்துவிட்டான்.

அந்த ஓட்டத்தால் தோற்றார்கள். என்னால் தோற்றார்கள் என்று எழுதுவதுதான் சரி.

ஆட்டம் முடிந்து கைகொடுக்கும் வரிசையில் அவள் நிற்கும்போது நான் தேவாலயத்தடிக்கு நடந்துகொண்டிருந்தேன். காருக்குள் ஏறி இருந்தபோது செய்தி வந்தது. டெனிஷில் ஒரே வரி. “ஒரு ஹை சொல்லலாம், அப்பா.” அப்பா என்பதை மட்டும் தமிழில், ஆங்கில எழுத்தில் எழுதியிருந்தாள்.

பதில் எழுதுவதும் கதைப்பதில் சேருமா என்று யோசித்தேன். சேரும் என்று முடிவெடுத்தேன். அப்படி முடிவெடுக்க எனக்கு வசதியாக இருந்தது. அவளுக்குப் பதில் சொல்லத் தொடங்கினால் ராஜிக்கும் பதில் சொல்ல வேண்டி வருமல்லவா?

அதற்குப் பிறகும் போனேன். அவளுக்கு நான் நிற்பது தெரியும், எனக்கு அவளுக்குத் தெரியும் என்பது தெரியும். அவள் கிட்ட வரவில்லை. நான் இடத்தை மாற்றவில்லை.

6

ஆனியில் கோல்டிங் பக்கம் ஓர் ஆட்டம். அவ்வளவு தூரம் நடக்கப் போகிறேன் என்று சொல்ல முடியாது. கோல்டிங்கில் என் பாடசாலை நண்பன் தேவன் குடும்பத்தோடு இருக்கிறான். அவனைப் பார்க்கப் போவதாகச் சொன்னேன். பொய்யாகக் கூடாதே என்று அவனையும் காரில் ஏற்றிக்கொண்டு மைதானத்துக்குப் போனேன்.

“மச்சான், முந்தி வருசத்திலை ஒருக்கால் வருவாய். இந்த வருசம் இது ரெண்டாம் தரம்,” என்றான் தேவன். “கோல்டிங்கிலை உனக்கு ஒரு சின்ன வீடு இருக்கெண்டு ஆக்கள் கதைக்கப் போகினம்.”

“அங்கை பார், அபி.”

“ஆர்? அந்த இரும்புத் தொப்பியோ?” கையை நெற்றியில் வைத்துப் பார்த்தான். “அடேய், அதுக்குள்ளை ஆர் இருக்கிறதெண்டு எப்பிடிக் கண்டுபிடிக்கிறாய்? அது சரி, நீ ஏன் இஞ்சை ஒளிச்சு நிக்கிறாய்? அந்தப் பக்கம் போய் நிண்டாப் பிள்ளையின்ரை முகம் தெரியுமே.”

நான் ஆட்டத்தைப் பார்த்தேன். அவனும் பிறகு கேட்கவில்லை. அவனுக்கும் இரண்டு பெண்பிள்ளைகள்.

அன்று அபிராமி மட்டை பிடித்து, பந்தை வெளிமைதானத்துக்கு அடித்தாள். முதலாம் தளத்தைத் தாண்டினாள், இரண்டாம் தளத்தில் தயங்கினாள். பிடிக்கிறவன் பந்தைத் தவறவிட்டதை அவள் காணவில்லை. நான் கண்டேன்.

“ஓடு! ஓடு பிள்ளை, ஓடு!”

எல்லே மைதானத்தில் கத்துகிற குரல் அது. எனக்குள் இன்னும் இருக்கிறதென்று எனக்கே தெரியாது. அபிராமி திரும்பிப் பார்க்காமல் ஓடி, மூன்றாம் தளத்தில் வயிற்றில் விழுந்து சறுக்கினாள். பிழைத்தாள். புழுதியோடு எழும்பி நின்று வலைப் பக்கம் பார்த்துச் சிரித்தாள். அதன் பின்பு அடித்துவிட்டு ஓடுகிற ஒவ்வொருவனையும் பார்த்து, போடில் உட்பட எங்கள் பக்கத்து டெனிஷ்காரர் எல்லாரும் “ஓடு! ஓடு!” என்று கத்தத் தொடங்கிவிட்டார்கள்.

அந்தப் பருவத்தில் அவளிடம் நான் சொன்னது அந்த ஒரு சொல்தான்.

7

வீட்டில் ராஜி முதியோர் இல்லத்து வேலைக்குப் போனாள், வந்தாள். கோயிலில் “மகள் எங்கை, காணேல்லை?” என்று யாரும் கேட்டால் “அவளுக்கு வேலை” என்றாள். அபிராமியின் அறைக்குப் போய்த் துடைத்து, யாரும் படுக்காத கட்டிலின் விரிப்பை மாற்றினாள்.

“நடந்து நடந்து நல்லாய்க் கறுத்துப் போனீங்கள்,” என்றாள் ஒருநாள் சோறு போடும்போது. “டென்மார்க்கிலை வெயில் எறிக்கிறதெண்டு உங்களைப் பாத்துத்தான் எனக்குத் தெரியுது.”

“சீனி குறைஞ்சிருக்கெண்டு டொக்டர் சொன்னவர்.”

“அப்ப சரி. நடவுங்கோ.”

ஆடி மாதம் ஆட்டங்களுக்கு விடுமுறை. ஆவணியில் திரும்பத் தொடங்கியது. அந்த மாதம் ஒரு சனிக்கிழமை பின்னேரம் ராஜி தேத்தண்ணியோடு என் பக்கத்தில் வந்து இருந்தாள். யன்னலைப் பார்த்துக்கொண்டு கேட்டாள்.

“அவளுக்கு அந்த முழங்கால் நோ எப்பிடியோ தெரியேல்லை.”

மூன்று வருடத்துக்கு முன்பு அபிராமி முழங்காலை முறித்துக்கொண்டவள். ராஜிதான் எண்ணெய் போட்டு உருவி, படிகளில் கைபிடித்து இறக்கி ஏற்றியவள். அன்று காலைதான் நான் பார்த்திருந்தேன். இரண்டு ஆட்டம் முழுக்க அந்தக் காலால் குந்தி எழும்பினாள். ஒருமுறையும் கையை ஊன்றவில்லை. நோ இல்லை, நல்லாய் இருக்கிறாள் என்று சொல்ல என்னிடம் எல்லாம் இருந்தது. ஒரு தாய்க்கு அன்று இரவு நித்திரை வருவதற்கு அது போதும்.

“தெரியேல்லை,” என்றேன்.

ராஜி தலையை ஆட்டிவிட்டுக் கோப்பைகளை எடுத்துக்கொண்டு போனாள். இந்தக் கடிதத்தில் நான் எழுதக் கூசுகிற சொல் அதுதான்.

8

புரட்டாதி பிறந்தது. சொந்த மைதானத்தில் கடைசிக்கு முந்திய ஆட்டத்துக்கு ஒரு வாரம் முன்பு போடில் சொன்னாள்: “வழக்கமாக வருகிறவர்கள் எல்லாரும் ஆளுக்கொரு சாப்பாடு கொண்டுவர வேண்டும். நீயும் வழக்கமாக வருகிறவன்தான். கேக் சுடுவாயா?”

நான் கேக் சுடுகிறவனல்ல. கடையில் வாங்கிக்கொண்டு போயிருக்கலாம். ஆனால் எங்கள் ஆட்களுக்கு அது வராது. ஓரிடத்துக்குச் சாப்பாடு கொண்டுபோவதென்றால் வீட்டுச் சாப்பாடுதான். ராஜி ஒரு பிறந்தநாள் கொண்டாட்டத்துக்கென்று மரக்கறி ரோல்ஸ் செய்து, பொரித்து, ஃபிரீசரில் அடுக்கியிருந்தாள். அந்தச் சனிக்கிழமை அவளுக்குக் காலை வேலை. நான் ஒரு பெட்டியை எடுத்தேன். மிச்சப் பெட்டிகளை இடைவெளி தெரியாதபடி நகர்த்தி வைத்தேன். அவண் அடுப்பில் சூடாக்கி, துணியால் சுற்றிக்கொண்டு போய்ப் போடிலின் மேசையில் வைத்தேன்.

நான் யோசிக்காத ஒன்று இருந்தது. ராஜி ஒவ்வொரு ரோல்ஸுக்கும் நடுவில் ஒரு முழுக் கஜு, முந்திரிப் பருப்பு, வைப்பாள். இக்காஸ்டில் ரோல்ஸ் செய்கிற வேறு ஒருவரும் அப்படி வைப்பதில்லை. சின்ன வயதில் அபிராமி இரண்டு கரையையும் முதலில் சாப்பிட்டு, கஜுவைக் கடைசியாகக் கையில் எடுத்து வைத்திருப்பாள்.

ஒரே நாளில் இரண்டு ஆட்டம் விளையாடுவார்கள். முதல் ஆட்டம் முடிந்து இடைவேளை. எல்லாரும் மேசையைச் சுற்றி நின்றார்கள். அபிராமி ஒரு ரோல்ஸை எடுத்துக் கடித்ததைத் தூரத்தில் நின்று பார்த்தேன். அவள் மெல்லுவதை நிறுத்தினாள். கையிலிருந்த மிச்சத்தைப் பிரித்துப் பார்த்தாள். பிறகு கவசங்கள் ஒன்றோடொன்று தட்டுப்பட்டுச் சத்தம்போட, நேரே வலையடிக்கு வந்தாள். கண் சிவந்திருந்தது.

“அம்மா தந்து விட்டவவோ?”

தமிழில் கேட்டாள். எத்தனையோ வருடங்களுக்குப் பிறகு தானாகத் தமிழில் ஒரு கேள்வி.

நீங்கள் எங்கள் ஆட்களுக்கிடையில் வாழ்கிறவர்கள், உங்களுக்கு விளங்கும். கோபமாயிருக்கிற வீட்டிலிருந்து சாப்பாடு வந்தால் அதற்குப் பிறகு விளக்கம் தேவையில்லை. கோபம் முடிந்தது என்று அர்த்தம். அதைத் தெரிந்துகொண்டேதான் நான் தலையை ஆட்டினேன். ஓம் என்று. வாய் திறக்கவில்லை. சொன்ன சொல்லைக் காப்பாற்றிக்கொண்டே பொய் சொன்னேன்.

9

அன்று பின்னேரம் ராஜி வேலையால் வந்து சப்பாத்தைக் கழற்றிக்கொண்டிருக்கும்போது அவளுடைய தொலைபேசி கிணுங்கியது. திறக்காமலே முதல் வரி தெரிந்தது. “அம்மா ரோல்ஸ் கிடைச்சுது.” அவள் அதை இரண்டு முறை வாசித்தாள். பிறகு திறந்தாள். கீழே ஒரு குரல் செய்தி. குசினி மேசையில் வைத்து அழுத்தினாள்.

“அம்மா… தாங்ஸ். கஜுவைக் கடைசியா வச்சுச் சாப்பிட்டனான். லாஸ உறைப்பு உறைப்பெண்டு தண்ணி குடிச்சுக் குடிச்சு மூண்டு சாப்பிட்டவன். அம்மா, நான்… சரி. வேற ஒண்டுமில்லை. தாங்ஸ்.”

ராஜி எழும்பிப் போய் ஃபிரீசரைத் திறந்தாள். நகர்த்தி வைத்த பெட்டிகளைப் பார்த்தாள். மூடினாள்.

“எப்ப தொடக்கம்?”

“சித்திரை.”

“ஒவ்வொரு சனியும்?”

“ஓம்.”

“கதைச்சனீங்களோ?”

“இல்லை. ஒருக்கால் ஓடு எண்டு கத்தினனான்.”

அவள் சிரிக்கவில்லை. கதிரையை இழுத்து இருந்தாள். திட்டுவாள் என்று காத்திருந்தேன், அது எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

“நான் என்ரை பாட்டிலை கோபத்திலை ஒண்டு சொன்னன்,” என்றாள். “நீங்கள் ‘இல்லை ராஜி, நான் கதைப்பன்’ எண்டு சொல்லியிருந்தால் நானும் ஒரு மாசத்திலை விட்டிருப்பன். நீங்கள் ஓம் எண்டனீங்கள். ஓம் எண்டுபோட்டுப் போய்ப் பாத்துக்கொண்டு நிண்டிருக்கிறீங்கள். இந்த வீட்டிலை அவளைப் பாக்காமல் இருந்தது நான் ஒருத்திதான்.”

“ராஜி…”

“அண்டைக்கு முழங்காலைப் பற்றிக் கேட்டனான்.”

நான் மேசையைப் பார்த்தேன்.

“அண்டைக்கு உங்களுக்குத் தெரியும், என்ன?”

“ஓம்.”

அவள் தொலைபேசியை எடுத்து வாய்க்குக் கிட்டப் பிடித்தாள். குரலைச் செருமிச் சரிசெய்தாள். “பிள்ளை, அடுத்த முறை உறைப்புக் குறைச்சுப் போடுறன்,” என்று சொல்லிவிட்டு அனுப்பினாள். அனுப்பியபின் அதைக் கையிலேயே வைத்துக்கொண்டு அழுதாள். நான் தோளைத் தொடப் போனேன். தட்டிவிட்டாள்.

அந்த வாரம் முழுவதும் என்னோடு தேவைக்கு மட்டும் கதைத்தாள். உப்பு, பாண், பஸ் ரிக்கற். வெள்ளிக்கிழமை இரவு நான் படுக்கப் போகும்போது குசினியில் மா குழைக்கும் சத்தம் கேட்டது.

10

கடைசி ஆட்டத்துக்கு இருவருமாகப் போனோம். நான் வழக்கம்போலத் தேவாலயத்தடியில் காரை நிறுத்தினேன். ராஜி மைதானத்துக்கு முன்னால் காலியாகக் கிடந்த தரிப்பிடத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், பெட்டியைத் தூக்கிக்கொண்டு நடந்தாள்.

காற்று பலமாக இருந்தது. நான் வலைப் பக்கம் திரும்பியபோது அவள் நிற்கவே இல்லை. நேரே மூன்றாம் தளப் பக்கம் போய், போடில் தந்த மடக்குக் கதிரையை மகளின் முகம் தெரியுமாறு திருப்பிப் போட்டு இருந்தாள். அபிராமி கூட்டைக் கழற்றியதும் நேரே அங்கேதான் பார்த்தாள். அன்றைய முதல் ஆட்டத்தில் தோற்றார்கள். பிரிவில் கடைசிக்கு முந்திய இடம் என்று அதோடு உறுதியாகிவிட்டது. யாரும் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை.

இடைவேளையில் அபிராமி ஓடி வந்து தாயைக் கட்டிப்பிடித்தாள். கவசத்தின் மண் முழுக்க ராஜியின் வெள்ளை மேலங்கியில் ஒட்டியது. இரண்டு பேரும் ஒரே நேரத்தில் கதைத்தார்கள், ஒருவர் தமிழிலும் மற்றவர் டெனிஷிலும். லாஸ கையைப் பின்னால் கட்டிக்கொண்டு சற்றுத் தள்ளி நின்றான். நல்ல உயரமான பெடியன், எங்கே பார்ப்பதென்று தெரியாமல் தன் சப்பாத்தைப் பார்த்தான். ராஜி அவனை மேலிருந்து கீழ்வரை பார்த்தாள். பிறகு பெட்டியைத் திறந்து நீட்டினாள். அவன் இரண்டு கையாலும் ஒன்றை எடுத்தான்.

நான் வலையடியிலிருந்து மெல்ல வந்து சேர்ந்தேன். அபிராமி என்னைப் பார்த்தாள். கோபம் இல்லை. பிழை செய்த ஒரு பிள்ளையை மன்னித்துவிட்ட ஆசிரியையின் பார்வை.

“அம்மா எவ்வளவு பிடிவாதக்காரி. ஆனாலும் அவதான் முதல்ல அனுப்பினவ,” என்றாள். “நீங்கள் முழுக் கோடையும் ஒரு சொல்லும் கதைக்காமல் அந்த வலைக்குப் பின்னாலை நிண்டனீங்கள். என்ரை மெசேஜுக்கும் பதில் இல்லை. நான் நினைச்சன் அம்மாதான் கல்லு எண்டு. நீங்கள்தான் அப்பா கல்லு. அம்மாட்டை இருந்து கொஞ்சம் பழகுங்கோ.”

ராஜியின் முகம் மாறியது. பெட்டியை மடியில் வைத்தாள்.

“அது பிள்ளை, நான்…”

“ஓம் பிள்ளை,” என்றேன், ராஜி முடிப்பதற்குள். “பழகிறன்.”

அபிராமி சிரித்தாள். நடுவர் இரண்டாவது ஆட்டத்துக்குக் கூப்பிட்டார். அவள் கூட்டை மாட்டிக்கொண்டு ஓடினாள். அவள் தன் இடத்தில் போய்க் குந்தும் வரைக்கும் ராஜி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு பக்கத்துக் கதிரையில் கிடந்த தன் கைப்பையை எடுத்துக் கீழே வைத்தாள். நான் அந்தக் கதிரையில் போய் இருந்தேன்.